விதைப் பரணில் ஒரு ரயில்

ரேஷன் கடையை ஒட்டி இருந்த பழைய அறைக்கு வெள்ளையடித்து நூலகம் வைத்திருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஒருநாள் போங்கள். நம் வயதுக்காரர்கள் உட்கார நாற்காலி உண்டு. சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண், சின்ன வயதில் பார்த்த புத்தகத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டுகிறேன் என்றாள். நான் மூன்றாவது வரைக்கும்தான் போனேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் ஒரு புத்தகம் இருந்தது. நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். முகர்ந்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. உங்களுக்குத் தெரியும். "சோறு" என்பாள் அம்மா. போய் உட்காருவோம். "மழை" என்பாள். காயப்போட்ட துணியை எடுப்போம். அப்பா அதுவும் சொல்ல மாட்டார். காட்டுக்குப் போகும்போது மண்வெட்டியை எடுக்கிற சத்தம் கேட்கும். திரும்பி வந்து அதைச் சாத்துகிற சத்தம் கேட்கும். நடுவில் ஒன்றும் இல்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குள் அன்புக்குக் குறைவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்போது தம்பிக்கு மூன்று வயது முடிந்து நான்கு நடந்தது. ஒரு சொல் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவான். பானையைக் காட்டினால் தண்ணீர் கிடைக்கும். கிழங்கைக் காட்டினால் கிழங்கு கிடைக்கும். நாங்கள் ஓடி ஓடி எடுத்துக் கொடுப்போம். கேட்காமலே எல்லாம் கிடைக்கிறவன் எதற்குப் பேசுவான் என்று இன்று தோன்றுகிறது. அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீடு பெரியம்மா வீடு. எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைக் கிள்ளுவாள்.

"ஏஞ் சாமி, வாயில என்ன கொழுக்கட்டையா? துப்பிட்டு ஒரு வார்த்த பேசேன்."

தம்பி அவள் தலையில் இருந்த பூவைக் காட்டுவான். அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அப்பாவிடம் அந்த யோசனையைச் சொன்னதும் பெரியம்மாதான். நம் மலை அடிவாரத்தில், புளியஞ்சோலைப் பக்கம் ஒருவர் இருந்தாராம். மஞ்சள் கொம்பைத் தீயில் காட்டி நாக்குக்கு அடியில் சூடு வைப்பாராம். நாக்கு கட்டிக் கிடந்தால் அவிழ்ந்துவிடுமாம். தை பிறந்ததும் கூட்டிப் போவது என்று அப்பா முடிவு செய்தார். சூடு வைக்கிறவருக்குக் கொடுக்க ஒரு சிவப்புச் சேவலைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தார். காட்டில் திரிந்தால் நரி கொண்டுபோய்விடும் என்று பயம்.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேவலுக்கு மட்டும் அவள் தீனி போடவில்லை. அப்பாதான் போட்டார். அது ஒன்றை வைத்துத்தான் எனக்கு அவள் மனது தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அந்தப் பெட்டி வந்தது. சேந்தமங்கலத்திலிருந்து மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் வாங்க வரும் பாயின் லாரியில் வந்தது. பச்சைத் தகரப் பெட்டி. கூடவே ஒரு பெண். எங்களுக்கு அவள் பெட்டியக்கா. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே குழந்தைகள் காதில் பேச்சு விழ வேண்டும், கண்ணில் படம் பட வேண்டும் என்று அவளை யாரோ அனுப்பியிருந்தார்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு புத்தகம். மழை விட்டதும் அவள் திரும்ப வந்து வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பாள்.

பாய் பெட்டியை ஊர்ச் சாவடியில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இத்தன வருசமா மூட்ட தூக்கறேன். மிளகு தூக்கியிருக்கேன், கெழங்கு தூக்கியிருக்கேன். காகிதம் இந்தக் கனம் கனக்குமுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. பசை வாசமும் மை வாசமும். நாங்கள் அதற்கு முன்பு முகர்ந்தறியாதது. தம்பி என் கையை உதறிவிட்டுப் போய் ஒரு புத்தகத்தைக் கட்டிக்கொண்டான். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

"உங்க பையனுங்களா? அதையே வெச்சுக்கட்டும், உடுங்க," என்றாள் பெட்டியக்கா.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"படிக்க வேண்டாமுங்க. மடியில உக்கார வெச்சுப் படத்தப் பாத்துப் பேசுங்க. போதும்."

"என்னத்தப் பேசறது?"

"கண்ணுல படறதப் பேசுங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது எங்களுக்கு வராதுங்க," என்றாள்.

சாவடியே சிரித்தது. அம்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். மேகம் வாசலில் வந்து நிற்கும். எதிர் வீடு தெரியாது. சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். பொழுது சாயும்போதே எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். கிழங்கு வேகும். அம்மா கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"மரம்," என்றாள். தாளைத் திருப்பினாள். "ஆடு." திருப்பினாள். "ஊடு."

அடுத்த தாளில் நின்றுவிட்டாள். அதில் இருந்தது ரயில். இரண்டு பக்கத்தையும் நிரப்பி நீளமாக ஓடியது. அம்மாவோ பிள்ளைகளோ அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவர் கை காட்டினார். ஒரு ஜன்னலில் ஆடு தலையை நீட்டியது. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"ஊடுங்க எல்லாம் வரிசையா நடந்து போவுதுங்க," என்றாள்.

அப்பா மூலையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பலாப்பழ லோடோடு ஒருமுறை சேலம் வரை போய் வந்தவர்.

"அது ரயிலு," என்றார்.

"ரயிலுன்னா?"

"போவும்."

"எங்க போவும்?"

"அது போற எடத்துக்கு."

"சக்கரம் இருக்குதே. அப்ப லாரின்னு சொல்லுங்க."

"லாரி இல்ல. லாரி வளஞ்சு வளஞ்சு போவும். இது நேராப் போவும்."

"நேராப் போனா மலை எப்பிடி ஏறும்?"

"ஏறாது."

"ஏறாத வண்டிய வெச்சு என்ன பண்றது?"

அப்பா கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தார். "ஆட்டுக்கும் டிக்கெட்டு வாங்கியிருப்பாங்களா?" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அம்மாவைச் சிரிக்க வைத்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அப்பா மூலையில் உட்காரவில்லை. அடுப்புக்குப் பக்கம் வந்தார். அதற்கடுத்து இன்னும் பக்கம். ஜன்னலில் கை காட்டுகிறவர்களுக்கெல்லாம் அம்மா உறவு வைத்தாள். குடை வைத்திருந்த கிழவர் அவளுடைய அப்புச்சி, அவள் அம்மாவைப் பெற்றவர். சிவப்பு ரிப்பன் கட்டிய பெண் தேவனூர் அத்தை மகள். "அவளுக்கு ஏது ரிப்பன், எண்ணெயே வெக்க மாட்டா," என்பார் அப்பா. இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் ஏதாவது சேரும். தம்பி நடுவில் உட்கார்ந்து பேசுகிறவர் வாயையே பார்ப்பான். அம்மா பேசினால் அம்மா வாய். அப்பா பேசினால் அப்பா வாய்.

கடைசித் தாளில் ரயில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தத் தாளில் வேறொன்றும் இல்லை. மேலிருந்து கீழ்வரை நீலம். ஓரத்தில் கொஞ்சம் மணல்.

"தண்ணி," என்பாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "ரொம்பத் தண்ணி," என்பாள்.

அப்பாவும் கடலைப் பார்த்ததில்லை. அதனால் அதை யாரும் மறுக்கவில்லை. தம்பி அந்த நீலத்தின் மேல் உள்ளங்கையை வைப்பான். எடுத்துத் திருப்பிப் பார்ப்பான், ஈரமாக இருக்கிறதா என்று.

பார்த்து முடிந்ததும் புத்தகத்தை எங்கே வைப்பது? தரையில் ஓதம். சுவரில் மாட்டினால் பூஞ்சை. கூடையில் போட்டால் எலி. வெளியே ஆடு. அம்மா உரலின் மேல் ஏறி நின்று அடுப்புக்கு மேலே இருந்த பரணில் வைத்தாள்.

அந்தப் பரண் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அடுத்த வருசத்துக்கான சாமை, தினைக் கதிர்களைக் கட்டி அங்கேதான் வைப்போம். அடுப்புப் புகை பட்டுக்கொண்டே இருக்கும். பூச்சி அண்டாது. எவ்வளவு பசித்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். அம்மாவைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. விதைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள் என்றால் அதற்கு மேல் ஒரு மரியாதை எங்கள் வீட்டில் கிடையாது.

உங்கள் வீடுகளிலும் அதைத்தான் செய்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

புத்தகம் நிறம் மாறியது. வெள்ளை அட்டை தேநீர் நிறமானது. பிறகு வெல்லத்தின் நிறம். பிரித்தால் மொறமொற என்றது. பசை வாசம் போய் எங்கள் தலைமுடியில் வருகிற அதே வாசம் அதிலும் வந்தது. புத்தகம் நம்மைப் போல ஆகிவிட்டது என்று எனக்குச் சந்தோசம்.

ஒருநாள் அம்மா பரணிலிருந்து எடுக்கும்போது கடைசித் தாள் கழன்றது. கீழே அடுப்பு. அம்மா உரலிலிருந்து குதித்துத் தீக்குள் கையை விட்டாள். விரல்தான் வெந்தது. அவ்வளவு தண்ணீரும் ஒரு நொடியில் கறுத்துச் சுருண்டது. தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான்.

அம்மா அன்றிலிருந்து புத்தகத்தை இறக்கவில்லை. பெட்டியக்காவுக்கு என்ன சொல்வது என்ற பயம். இனித் தொட்டால் மிச்சமும் போய்விடும் என்ற பயம். தம்பி பரணுக்குக் கீழே போய் நிற்பான். கையை நீட்டிக் காட்டுவான். அவன் காட்டியது கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. காட்டுவான், நிற்பான், கால் வலித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். அப்பா மறுபடி மூலைக்குப் போய்க் கயிறு திரித்தார். கூடைக்குள் சேவல் கொழுத்துக்கொண்டிருந்தது.

மார்கழிப் பிறப்பில் வெயில் வந்தது. பெட்டியக்காவும் வந்தாள்.

எல்லாரும் புத்தகத்தைத் துடைத்து, துவைத்த துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். சாமிக்குப் படைக்கிற பொருளைப் போல இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று பழுப்பு. ஒன்று கறுப்பு. ஒன்றில் ஒட்டடை. சாவடி முழுக்க அடுப்பு வாசம்.

"என்னங்க இது? எல்லாத்தையும் அடுப்புல போட்டா எடுத்தீங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மா கூட. பாராட்டுவாள் என்றல்லவா நினைத்துப் போயிருந்தோம்.

"கெஞ்சிக் கேட்டு வாங்கியாந்தேனுங்க. மலைக்கு எதுக்குப் புத்தகமுன்னு கேட்டாங்க. நல்லா வெச்சுக்குவாங்கன்னு நாந்தான் வாக்கு குடுத்தேன்." புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள். "இனி இந்தப் பெட்டி இங்க வராதுங்க. வேற ஊருக்குப் போவட்டும்."

பாய் பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தார். தம்பி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாரியைக் காட்டினான். நான் என்ன செய்ய முடியும்? அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் இல்லை. லாரிக்கு முன்னால் போய் நின்றிருந்தாள்.

"ஏனுங்க. ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"நேரமாச்சுங்க."

"வந்துட்டுப் போங்க."

வெளியூர் ஆளிடம் அம்மா இரண்டு தடவை ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டியக்கா வந்தாள். பின்னாலேயே ஊரும் வந்தது. அம்மா உரலைக் காட்டினாள்.

"மேல ஏறிப் பாருங்க."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிப் பரணுக்குள் தலையை விட்டாள். இருமினாள்.

"என்னங்க இருக்குது இதுல? கதிராட்டத் தெரியுது."

"அடுத்த வருசத்து விதைங்க."

"புத்தகம்?"

"அதுக்கு மேல வெச்சிருந்தேன்."

பெட்டியக்கா கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. இறங்கியபோது மூக்கில் கரி. முடியில் ஒட்டடை. கண்ணில் தண்ணீர், புகையாகவும் இருக்கலாம்.

"எல்லா ஊட்டுலயும் இங்கதான் வெச்சீங்களா?"

"வேற எங்கீங்க வெக்கறது?" என்றாள் பெரியம்மா. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "எங்க மாமியா காது தோட்டக்கூட நான் அங்க வெச்சதில்ல."

பெட்டியக்கா உரலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"ஆனாலும் புத்தகத்துக்குப் புகை ஆவாதுங்க. பசை காஞ்சுரும். தாள் உதுந்துரும்."

"உதுந்துருச்சுங்க," என்று அம்மா வெந்த விரலைக் காட்டினாள். "கடைசித் தாளு. அடுப்புல போயிருச்சு."

பெட்டியக்கா அந்த விரலைப் பார்த்தாள். வாசலில் நின்ற பாயிடம் திரும்பினாள்.

"பெட்டிய எறக்கீருங்க."

"ஏம்மா, இப்பத்தான ஏத்தினேன்!"

"இந்தக் கறுப்புப் புத்தகத்த வேற எந்த ஊருக்கும் குடுக்க முடியாது. கீழ கொண்டு போனாலும் திருப்பி வாங்க மாட்டாங்க. இங்கியே இருந்துட்டுப் போவட்டும்."

"நல்லதாப் போச்சு, எனக்குக் கனம் மிச்சம்," என்றார் பாய். ஊரைப் பார்த்து, "மிளகையும் பரண்ல போட்டுராதீங்க சாமிகளா, அது வெல போவாது," என்றார்.

அப்படித்தான் நம் ஊருக்குப் புத்தகப் பெட்டி சொந்தமானது. கெட்டுப்போனதால் கிடைத்தது. கீழே அவளுக்கு என்ன ஏச்சு விழுந்ததோ, தெரியாது. அன்று நாங்கள் அதை நினைக்கவே இல்லை. இப்போது நினைக்கிறேன். அடுத்த மழைக்கு அவளே புதுப் புத்தகங்களோடு வந்தாள். எல்லாவற்றுக்கும் கண்ணாடித் தாள் உறை போட்டிருந்தாள். சாவடிச் சுவரில் உயரமாக ஒரு பலகை அடிக்க வைத்தாள். அடுப்பு இல்லாத இடமாகப் பார்த்து.

பெட்டியை விட்டுப்போன அன்று, கிளம்பும்போது பெட்டியக்கா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"தாள் போனாப் போவுதுங்க. ரயில எங்க கொண்டு போய் நிறுத்தறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அன்று பொழுது சாய அம்மா பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து வந்த ரயில் புத்தகத்தை மடியில் வைத்தாள். தம்பி ஓடி வந்து உட்கார்ந்தான். அப்பா கயிற்றோடு கொஞ்சம் நகர்ந்து வந்தார். மரம், ஆடு, வீடு. அப்புச்சி குடையோடு கை காட்டினார். எண்ணெய் வைக்காத அத்தை மகள் கை காட்டினாள். கடைசிக்கு வந்தது. தாள் இல்லை. பின்னட்டைதான் இருந்தது, கரி படிந்து. அம்மா யோசித்தாள்.

"ரயிலு சந்தைக்குப் போய் நின்னுச்சு. எல்லாரும் எறங்கி ஆளுக்கொரு பலாப்பழம் வாங்கினாங்க."

"இல்ல."

நான் அப்பா என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

தம்பி பின்னட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"தண்ணி," என்றான். சற்றுப் பொறுத்து, "ரொம்பத் தண்ணி," என்றான்.

அம்மா கத்தவில்லை. கட்டிக்கொண்டு அழவில்லை. வெந்த விரலால் அவன் தலையைத் தடவினாள்.

"ஆமாஞ் சாமி. தண்ணிதான். நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்," என்று முதல் தாளுக்குத் திரும்பினாள்.

காலையில் அப்பா பஞ்சாரக் கூடையைத் தூக்கினார். சேவல் வெளியே போகத் தெரியாமல் நின்றது. காலால் லேசாகத் தள்ளிவிட்டார். பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க கொழுந்தனாரே, தை பொறக்க இன்னும் நாள் கெடக்குதே. சேவல அவுத்து உட்டுட்டீங்க?"

"பேசறான்," என்றார் அப்பா.

"ஐயோ சாமி! என்ன பேசினான்?"

அப்பா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். "அவங்கம்மாவ எதுத்துப் பேசறான்," என்றார். அவ்வளவு பெருமையாக அவர் வேறு எதையும் சொன்னதில்லை. அன்றைக்கு அம்மா சேவலுக்குச் சாமை போட்டாள்.

தம்பியை உங்களுக்குத் தெரியும். இப்போது சந்தையில் அன்னாசியும் பலாவும் ஏலம் விடுகிறான். அவன் வாயை மூடத்தான் ஆள் வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் கூவிக்கொண்டே வருகிறான்.

ரயில் புத்தகம் இல்லை. கூரை வீட்டைப் பிரித்துக் காரை வீடு கட்டினோம். பரண் போனது. கேஸ் அடுப்பு வந்தது, புகையும் போனது. புத்தகத்தை மரப் பீரோவில் வைத்தோம். கரையான் ஒரு மழையில் தின்றுவிட்டது. அம்மா பார்த்தாள். "ம்," என்றாள்.

போன வாரம் நூலகத்துப் பெண் கிழிந்த புத்தகங்களைத் தனியாக எடுத்துக் கட்டினாள். நான் அதில் ஒன்றைக் கேட்டேன். "இதுல கடைசிப் பக்கம் இல்லீங்களே ஆயா," என்றாள். "இருக்கட்டும் கண்ணு, குடு," என்று வாங்கி வந்தேன். பேத்திக்கு இரண்டு வயது.

அம்மா இருந்தபோது தம்பி அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ரயில் காட்டினான். வந்தது சரக்கு ரயில். ஜன்னல் இல்லை, கை காட்ட ஆளும் இல்லை. அது முழுக்கப் போய் முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, "நாஞ் சொன்னனே, லாரிதான்," என்றாளாம். அடுத்த தடவை கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொன்னான். பலமுறை சொன்னான். அவள் போகவில்லை.

"எதுக்குக் கண்ணு," என்றாள். "அதைத்தான் பாத்துட்டனே."